தொழிலில் இருக்கும்போது கர்ப்பமானால்: ஆஸ்பத்திரியில் தடுமாறாமல் இருக்க

வேலூர், காட்பாடி பக்கம் பாலியல் தொழிலில் இருக்கும் பெண்களுக்காகக் களப்பணி செய்கிறேன். நானும் அந்தத் தொழிலில் இருந்தவள்தான். நாள் தள்ளிப்போனால் நம் பெண்கள் முதலில் போவது மெடிக்கல் கடைக்கு. ஆஸ்பத்திரியில் அவமானப்படுத்துவார்கள் என்று பயம். அந்தப் பயம் பொய்யில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கர்ப்பத்தைப் பதிய எடுத்தவுடன் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய்க் கூட்டத்தில் நிற்க வேண்டாம். உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமே போதும். ராத்திரி கண்விழித்தவர்களுக்குக் காலை ஓ.பி. கஷ்டம்தான், முந்தைய நாள் ராத்திரி வேலையை விட்டுவிட்டாவது போங்கள். 12 வாரத்துக்குள் பதிந்து பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அது வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கும் அதுதான் முதல் படி.

அடுத்தது, “புருஷன் பேர் என்ன?” ஒரு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதியவர் வரிசையே திரும்பிப் பார்க்கிற மாதிரி இதைக் கத்திக் கேட்டார். என்னோடு வந்த பெண் சீட்டு வாங்காமலே வெளியேறிவிட்டாள். ஏழாம் மாதம் வரை எந்தப் பரிசோதனையும் இல்லை. இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை. உங்களிடம் கேட்டால், “நான் தனியாக இருக்கிறேன், என் பெயரை மட்டும் எழுதுங்கள்” என்று சொல்லுங்கள். வாயில் வந்த பெயரைச் சொல்லிவிடாதீர்கள். அது குழந்தையின் சான்றிதழ் வரை ஒட்டிக்கொண்டு வரும். தனித் தாய் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் பிறப்புச் சான்றிதழ் தர வேண்டும் என்று 2015-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

என்ன வேலை என்று சீட்டு எழுதுபவரிடம் சொல்லத் தேவையில்லை. ஆனால் டாக்டரிடம் தனியாக, “பலரோடு உறவு உண்டு” என்று சொல்லிவிடுங்கள். புண், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். சிஃபிலிஸ் கவனிக்காமல் விட்டால் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகலாம். பென்சிலின் ஊசியால் குணமாகிற நோய் அது. எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையம் இருக்கிறது. உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கவோ, முடிவை வெளியே சொல்லவோ, அதைக் காட்டிப் பிரசவம் பார்க்க மறுக்கவோ 2017 எச்.ஐ.வி. சட்டப்படி முடியாது. தொற்று இருந்தாலும் மாத்திரையைச் சீக்கிரம் தொடங்கி விடாமல் சாப்பிட்டால் குழந்தைக்குப் போகிற வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும். “வயிற்றில்தான் பிள்ளை இருக்கே, இனி ஆணுறை எதுக்கு?” என்று கஸ்டமர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கர்ப்ப காலத்தில் புதிதாகத் தொற்றினால் குழந்தைக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

குழந்தை வேண்டாம் என்றால் அது உங்கள் முடிவு. கருவைக் கலைக்க, 18 வயது முடிந்தவருக்கு அவர் கையெழுத்து ஒன்றே போதும். புருஷன், அம்மா யாரும் வர வேண்டாம். 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். உங்கள் பெயரை வெளியே சொன்னால் அது குற்றம். தயவுசெய்து கடையில் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். கரு கர்ப்பப்பைக்குள் இல்லாமல் சினைக்குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை அதைக் கலைக்காது, குழாய் வெடித்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் போகும். ஸ்கேன் பார்த்தால்தான் அது தெரியும்.

முகவரிச் சான்று இல்லாமல் ஆதார் கிடைக்காதவர்கள் களப்பணியாளரிடம் சொல்லுங்கள். மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டு சங்கத்தின் சான்றை வைத்துப் பாலியல் தொழிலாளிகளுக்கு ஆதார் கொடுக்க 2022-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அட்டையில் தொழில் தெரியாது.

பிரசவத்துக்குத் துணையாக ஒரு பெண்ணை உள்ளே விடுவார்கள். யார் என்று எட்டாம் மாதமே பேசி வையுங்கள். மாமியார், நாத்தனார் என்று யாரும் இல்லாவிட்டால் தோழி வரட்டும், நான் வருகிறேன். வலி வந்தால் 108. அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் இலவசம். யாராவது காசு கேட்டால் அரசு சுகாதார உதவி எண் 104-க்குப் போன் செய்யுங்கள்.