சீருடைக்குப் பின் தோப்பு: ஓய்வுபெறும் ராணுவ அதிகாரிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

54 வயதில் ஓய்வுபெறும் கர்னல் ஒருவர் அந்த ஆண்டே மாங்கன்று நட்டாலும், சொல்லிக்கொள்ளும்படியான மகசூலைப் பார்க்கும்போது அறுபதைத் தொட்டுவிடுவார். இந்தக் கணக்கைப் போடாமல் இறங்குவதுதான் முதல் தவறு. முப்படையினர் ஓய்வூதியத்தில் பாதிவரை முன்கூட்டியே மொத்தமாகப் பெறலாம். பெற்றால் 15 ஆண்டுகளுக்கு மாத வருமானம் குறையும். மரம் காய்க்காத ஆண்டுகளும் அதற்குள்தான் வருகின்றன. அந்தத் தொகை முழுவதையும் நிலத்தில் போட்டுவிட்டால், கன்றுக்கு உரம் வாங்கும் நாளில் கை கடிக்கும். ஊடுபயிராக நிலக்கடலை, உளுந்து போட்டால் கூலிச் செலவுக்காவது ஆகும்.

பண்ணை வீடும் கம்பி வேலியும் முதலில் எழும்பிவிடுகின்றன. தண்ணீரைப் பற்றிய யோசனை பிறகுதான் வருகிறது. ஆழ்துளைக் கிணற்றை ஐப்பசி மழையில் பார்த்து நிலம் வாங்காதீர்கள். சித்திரை வெயிலில் எவ்வளவு நேரம் இறைக்கிறது என்று பாருங்கள், நீரின் உப்பையும் பரிசோதியுங்கள். சொட்டுநீர்க் குழாய்களை வாங்கிப் போட்டுவிட்டு மானியம் கேட்பதும் வழக்கமான பிழை. விண்ணப்பம் முதலில் போக வேண்டும்.

ரகத் தேர்வில்தான் பெரிய இழப்பு நேர்கிறது. இமாச்சலத்தின் குலு பள்ளத்தாக்கிலுள்ள பந்த்ரோலில் 1870-இல் ஆப்பிள் தோட்டம் போட்ட கேப்டன் லீ பிரிட்டிஷ் படை அதிகாரி. தன் ஊர் ஆப்பிள்களையே அவர் கொண்டுவந்தார். அவற்றின் புளிப்பு இந்தியச் சந்தைக்கு ஒத்துவரவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து அங்கே குடியேறிய அமெரிக்கரான சாமுவேல் ஸ்டோக்ஸ் கோட்கர் பகுதிக்குத் தன் நாட்டின் இனிப்பான டெலிசியஸ் ரகங்களைக் கொண்டுவந்த பிறகுதான் இமாச்சலத்தில் ஆப்பிள் பெரும் வணிகமானது. நமக்கும் இதே சிக்கல் உண்டு. அல்போன்சா மாம்பழத்தின் சுவைக்கு மயங்கித் தோப்பு முழுவதும் அதையே நடுகிறார்கள். அது ஓராண்டு காய்த்தால் மறு ஆண்டு ஏமாற்றும். நீலமும் பெங்களூரா எனப்படும் கிளிமூக்கு மாவும் ஆண்டுதோறும் காய்ப்பவை. பெங்களூராவைக் கிருஷ்ணகிரியின் மாங்கூழ் ஆலைகள் வாங்கும், ஆனால் விளைச்சல் பெருகிய ஆண்டில் விலை படுத்துவிடும். ஒரே ரகத்தை நம்பாமல் கலந்து நடுவதே என் பரிந்துரை.

மரங்களை நெருக்கி நடும் அடர் நடவு இன்னொரு ஆசை. பத்து மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 40 மரம். மூன்றுக்கு இரண்டு மீட்டரில் 670-க்கும் மேல். எண்ணிக்கை கவர்கிறது. ஆனால் ஆண்டுதோறும் கிளைகளை வெட்டிக் கவாத்துச் செய்யாவிட்டால் அவை பின்னி, வெயில் புகாமல் காய்ப்பு நின்றுவிடும். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதைக் கிள்ளாமல் விட்டால் ஒட்டைத் தாங்கும் வேர்ச்செடி மேலேறி, ஒட்டிய ரகம் நலிந்துவிடும். முதல் மூன்று ஆண்டுகளில் வரும் பூவையும் உதிர்த்துவிடுங்கள். மனம் வராது, ஆனாலும் செய்யுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. அதிகாரியாக இருந்தவரிடம் ஊரில் யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள். மேட்டில் குழி வெட்டச் சொன்னாலும், ஆகாத பருவத்தில் நடச் சொன்னாலும் “சரி ஐயா” என்றுதான் பதில் வரும். தப்பு என்று தெரிந்தும் மரியாதைக்காகச் செய்துவிடுவார்கள். ஆகவே “இதை இப்படிச் செய்” என்று தொடங்காமல், “நீங்கள் என்றால் எப்படிச் செய்வீர்கள்?” என்று பக்கத்துத் தோப்புக்காரரிடம் கேட்டுப் பழகுங்கள். சென்னையிலோ பெங்களூரிலோ இருந்துகொண்டு காவலாளியிடம் தொலைபேசியில் விசாரித்தால் இந்தப் பேச்சு நடக்காது. படைவீரர் மறுவாழ்வுத் துறை ஓய்வுக்கு முன்பே பயிற்சிகள் நடத்துகிறது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியும் இருக்கிறது. நிலம் பார்க்கக் கிளம்பும் முன் அங்கே போய்விட்டு வாருங்கள்.