நாயோடு விமானம் ஏற கேரியர் வாங்கப் போகிறீர்களா? நான் செய்த தவறுகளைச் செய்யாதீர்கள்

எங்கள் வீட்டில் கேரியர் என்று சொன்னால் அப்பத்தாவுக்கு நாலடுக்கு எனாமல் சாப்பாட்டு கேரியர்தான் நினைவுக்கு வரும். "நாய்க்கு எதுக்கப்பு கேரியர், அது தட்டுலயேதானே திங்குது" என்றார். காரைக்குடியிலிருந்து மும்பைக்கு, தங்கை வீட்டுக்கு, ஐந்து மாதம் தங்கப் போகிறோம், எங்கள் நாய் சீனியை விட்டுவிட்டுப் போக முடியாது, விமானத்தில் அதை ஒரு பைக்குள் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோதே அந்தப் பை கூரியரில் வந்து இறங்கிவிட்டது. பார்க்க அழகான பை. அடியில் சக்கரம், இழுத்துப் போக நீளமான கைப்பிடி எல்லாம் இருந்தது. அதில் சீனி ஒரு நாள்கூடப் பயணம் செய்யவில்லை.

தவறு பையில் இல்லை, நான் வாங்கிய வரிசையில் இருந்தது. முதலில் பை, பிறகு டிக்கெட், கடைசியில் நாயை அளப்பது என்று போனேன். தலைகீழாகச் செய்திருக்க வேண்டும். எந்த விமானம் நாயை ஏற்றும், அந்த விமானம் எவ்வளவு எடையும் என்ன அளவும் அனுமதிக்கும், அதற்குள் நம் நாய் அடங்குமா, இதெல்லாம் தெரிந்த பிறகுதான் கடைப்பக்கம் போக வேண்டும்.

நம் ஊர்ப்பக்கம் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நமக்குப் பக்கம் மதுரை, இல்லாவிட்டால் திருச்சி, இரண்டுமே காரில் இரண்டு மணி நேரத்துக்குள். ஆனால் அங்கே பெரும்பாலும் கண்ணில் படுவது இண்டிகோ விமானம். இண்டிகோவில் செல்லப் பிராணிகளை ஏற்றுவதில்லை, மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் சேவை நாய்களுக்கு மட்டும்தான் விலக்கு. அதனால் எங்களைப் போலப் பலர் சென்னைக்குக் காரில் போய் அங்கிருந்துதான் ஏறுகிறார்கள். 400 கிலோமீட்டருக்கு மேல், ஏழெட்டு மணி நேரம். அப்புறம் விமான நிலையத்தில் இரண்டு மூன்று மணி நேரக் காத்திருப்பு, பிறகு இரண்டு மணி நேரம் விமானம், இறங்கியதும் மும்பை டிராஃபிக். நாம் 'விமானத்துக்கு' என்று வாங்கும் பைக்குள் நாய் விமானத்தில் இருக்கும் நேரம்தான் இருப்பதிலேயே குறைவு. இந்தக் கணக்கு மனதில் இருந்தால் பாதித் தவறுகள் தானாகவே குறைந்துவிடும்.

எடைக்கு வருவோம், ஏனென்றால் கவுண்டரில் ஆட்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இதில்தான். விமான நிறுவனம் சொல்லும் எடை நாயின் எடை மட்டும் இல்லை, பை, விரிப்பு, உள்ளே கிடக்கும் பொம்மை எல்லாம் சேர்த்து. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஒரே நிறுவனத்திலும் காலத்துக்குக் காலம் மாறும். ஏர் இந்தியா நெடுங்காலம் 5 கிலோ என்று வைத்திருந்தது. ஆகாசா ஏர் 2022 நவம்பரில் செல்லப் பிராணிகளை ஏற்றத் தொடங்கியபோது 7 கிலோ, பிறகு அதை 10 ஆக்கினார்கள். அதனால் இரண்டு வருடத்துக்கு முன்னால் நாயோடு போய் வந்த சித்தப்பா மகன் சொன்ன கணக்கை நம்பி எதையும் வாங்காதீர்கள். டிக்கெட் போடும் அன்று நிறுவனத்துக்கே போன் செய்து கேளுங்கள். எப்படியும் போன் செய்துதான் ஆக வேண்டும், ஒரு விமானத்தில் இத்தனை பிராணிகள்தான் என்று வரம்பு இருப்பதால் நாய்க்கும் முன்கூட்டியே இடம் சொல்லி வைக்க வேண்டும்.

எங்களுக்குச் சொன்ன வரம்பு 7 கிலோ. சீனி, ஊரில் எல்லோரும் பாமரேனியன் என்று சொல்லும் வகை, உண்மையில் அது இந்தியன் ஸ்பிட்ஸ். ரோமத்தை நம்பி எடை சொல்லவே முடியாத ஜாதி. நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி நின்று, பிறகு நான் மட்டும் நின்று, கழித்துப் பார்த்தால் 5.4 கிலோ. சக்கரப் பை 2.6. அங்கேயே 8 ஆகிவிட்டது. சக்கரமும் கைப்பிடிக் கம்பியும் எடையை ஏற்றுவதோடு நிற்பதில்லை, பைக்கு உள்ளே இருக்க வேண்டிய உயரத்தையும் அவைதான் தின்னும். வெளியே 30 சென்டிமீட்டர் என்று போட்டிருந்தாலும் உள்ளே நாய்க்குக் கிடைப்பது ஐந்தாறு சென்டிமீட்டர் குறைவு. சிறிய நாய்க்குச் சக்கரம் வேண்டாம், தோளில் மாட்டும் பட்டை போதும் என்பது என் தீர்மானமான கருத்து. முட்டிவலி உள்ளவர்கள் வேண்டுமானால் சண்டைக்கு வரலாம்.

பிறகு வாங்கிய துணிப்பை 1.2 கிலோ. நாயோடு சேர்த்து 6.6, விரிப்பும் உறிஞ்சும் தாளும் போட்டால் 6.9. இங்கே இன்னொரு ஆபத்து இருக்கிறது. நான் எடை போட்டது தை மாதக் கல்யாணங்களுக்கு முன்னால். எங்கள் தெருவில் வரிசையாக மூன்று கல்யாணம், வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் சீனிக்கு ஒரு துண்டு கறியாவது போடாமல் போக மாட்டார்கள். அதற்குப் பிறகு போட்டுப் பார்த்தால் முந்நூறு கிராம் ஏறியிருந்தது. பயணத்துக்கு முன் மூன்று வாரம் தீனியை அளந்து போட வேண்டியதாயிற்று. பயணத்துக்கு முதல் நாள் பையோடு சேர்த்து இன்னொரு முறை எடை போடுங்கள். பெட்டி தொங்கவிட்டுப் பார்க்கும் கையடக்கத் தராசு இதற்கு வசதி.

அடுத்தது நாயை அளப்பது. இதில் நான் செய்தது அசட்டுத்தனம். எங்கள் வளவில் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறோம், ஒவ்வொன்றும் எட்டு அங்குலம். வெயில் காலத்தில் சீனி அதில் வயிற்றை ஒட்டிக்கொண்டு நாலு காலையும் நீட்டிப் படுத்துக் கிடக்கும், மூன்று கல் நீளம் வரும். அதைப் பார்த்துத்தான் பை நீளத்தை முடிவு செய்தேன். நாயை நிற்க வைத்துத்தான் அளக்க வேண்டும். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை ஒரு அளவு (வாலைச் சேர்க்கக் கூடாது), தரையிலிருந்து முன்னங்காலின் முழங்கை வரை ஒன்று, தோள்பட்டையின் அகலம் ஒன்று, தரையிலிருந்து தலை உச்சி வரை ஒன்று. காது விறைத்து நிற்கும் நாயாக இருந்தால் காது நுனி வரை.

இந்த நாலு அளவையும் வைத்து விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா ஒரு கணக்கு வைத்திருக்கிறது. முதல் அளவோடு முழங்கை உயரத்தில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம். தோள் அகலத்தை இரண்டால் பெருக்கினால் அகலம். தலை உயரத்தோடு விரிப்பின் தடிமனைச் சேர்த்தால் உயரம். சீனிக்கு 38, 13, 13, 31 சென்டிமீட்டர். ஆக நீளம் 44.5, அகலம் 26, உயரம் 31க்கு மேல். பக், ஷிட்ஸு மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்கு இதற்கு மேல் பத்து சதவீதம் கூட்ட வேண்டும். இது சரக்கறையில் போகும் கூண்டுக்கான கணக்கு என்பது உண்மைதான். ஆனால் கையில் கொண்டுபோகும் பைக்கும் இதைத்தான் கைகாட்டியாக வைத்துக்கொண்டேன், கடைக்காரர் சொல்லும் எஸ், எம், எல் எதற்கும் உதவாது. பையின் சீட்டில் '8 கிலோ வரை' என்று போட்டிருப்பதையும் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அது தையல் தாங்கும் எடை, அந்த எடையுள்ள நாய் உள்ளே நின்று திரும்பிப் படுக்க முடியும் என்று அர்த்தம் இல்லை. நீளமான டாக்ஸ்ஹண்டும் உருண்டையான பக்கும் ஒரே எடை இருக்கலாம், ஒரே பை எப்படிப் பொருந்தும்?

சரி, விமானத்தில் பையை நம் முன்னால் உள்ள இருக்கைக்கு அடியில்தான் வைக்க வேண்டும். நாய்க்கு 31 வேண்டும், அங்கே விமான நிறுவனம் தரும் உயரம் அதைவிடக் குறைவு என்றால் என்ன செய்வது? இங்கேதான் துணிப்பை. மேல்பக்கம் வளைந்து கொடுக்கும், இருக்கைக்கு அடியில் தள்ளும்போது அமுங்கி, வெளியே இழுத்ததும் நிமிரும். கெட்டி பிளாஸ்டிக் பெட்டிக்கு அந்த வித்தை தெரியாது. ஆனால் அமுக்கினால் நாய் முதுகு இடிக்கும் அளவுக்குப் போகிறதென்றால், அந்த விமானத்தில் உங்கள் நாய்க்கு இடமில்லை என்று அர்த்தம். கவுண்டரில் கெஞ்சிப் பார்க்கலாம் என்று கிளம்பாதீர்கள். நாய் உள்ளே நின்று திரும்ப முடிகிறதா என்று அங்கேயே பார்ப்பார்கள்.

'ஐயாட்டா அங்கீகாரம் பெற்றது' என்ற ஸ்டிக்கரைப் பார்த்து இருநூறு முந்நூறு ரூபாய் கூடக் கொடுக்கிறவர்கள் உண்டு. ஐயாட்டா விதிகள்தான் வகுக்கிறது, எந்தக் கம்பெனியின் கூண்டுக்கும் பைக்கும் முத்திரை குத்துவதில்லை. அந்த ஸ்டிக்கர் வியாபாரம், அவ்வளவுதான்.

காற்று. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விண்வெளி வீரர் தலைக்கவசம் மாதிரி முன்னால் கண்ணாடிக் குமிழ் வைத்த முதுகுப்பை ஒன்று எல்லா இடத்திலும் விற்கிறார்கள், பார்த்தால் பிள்ளைகள் விடாது. சித்திரை மாதம் காரைக்குடியில் அதைப் பத்து நிமிடம் வெயிலில் வைத்துவிட்டு உள்ளே கையை விட்டுப் பாருங்கள், புரியும். நாய் வியர்த்துச் சூட்டை இறக்கும் பிராணி இல்லை, மூச்சு வாங்கித்தான் இறக்கும். காற்று ஓடாத பைக்குள் தான் விட்ட ஈர மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். சப்பை மூக்கு நாய்களுக்கு இது உயிருக்கே ஆபத்து. வலை குறைந்தது மூன்று பக்கமாவது வேண்டும், நாலு பக்கமும் என்றால் இன்னும் நல்லது. காரணம் இருக்கிறது. பையை இருக்கைக்கு அடியில் தள்ளியதும் இரண்டு பக்கம் இருக்கையின் காலிலோ பக்கத்துப் பெட்டியிலோ ஒட்டி அடைபட்டுவிடும். இரண்டே பக்கம் வலை உள்ள பையில் அந்த இரண்டும் அடைபட்டால் என்ன ஆகும்? முக்கியமாக, நம் காலைப் பார்த்து இருக்கும் குட்டைப் பக்கத்தில் வலை இருக்கிறதா பாருங்கள். விமானத்தில் நாய்க்கு அதுதான் ஜன்னல், நம் கணுக்காலைப் பார்த்துக்கொண்டே வரும்.

வலை மெல்லிய கொசுவலை மாதிரி இருந்தால் வாங்காதீர்கள். நகம் பட்டால் கிழியும். பெரியம்மா ஒருவர் கொட்டானில் வைத்துக்கொண்டு போகலாமே என்றார். பனையோலைக் கொட்டான் பலகாரத்துக்கு நல்லது, சீனி அதை அரை மணி நேரத்தில் பிரித்து மேய்ந்துவிடும்.

ஜிப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. பழக்குவதற்காகக் குன்றக்குடி வரை காரில் கூட்டிப்போனோம், ஊரிலிருந்து பத்துக் கிலோமீட்டர்தான். கோயில் வாசலில் திரும்பிப் பார்த்தால் பின் இருக்கையில் பை மட்டும் இருக்கிறது, சீனி டிரைவர் காலடியில். ஜிப்பின் இரண்டு தலைப்பும் சந்திக்கும் இடத்தில் மூக்கை நுழைத்து நெம்பித் தள்ளியிருக்கிறது. ஓடுபாதைப் பக்கம் இது நடந்திருந்தால் நினைக்கவே வயிறு கலங்குகிறது. ஜிப் தலைப்புகளை ஒன்றோடொன்று பூட்டும் கொக்கி உள்ள பையாகப் பாருங்கள், இல்லையென்றால் ஒரு சின்ன வளையத்தை மாட்டிவிடுங்கள். உள்ளே ஒரு குட்டைக் கயிறும் கொக்கியும் இருக்க வேண்டும், அதை நாயின் மார்புப்பட்டையில் மாட்ட வேண்டும். கழுத்துப் பட்டையில் மாட்டினால் துள்ளும்போது கழுத்தை இறுக்கும்.

மார்புப்பட்டைக்கு இன்னொரு வேலையும் உண்டு. பாதுகாப்புச் சோதனையில் பை மட்டும்தான் எக்ஸ்ரே மெஷினுக்குள் போகும், நாயை வெளியே எடுத்து நாம் கையில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அந்தச் சத்தத்தில் நாய் நழுவினால் பிடிக்க ஏதாவது வேண்டுமே. பைக்குப் பக்கவாட்டில் ஒரு வாசல், மேலே ஒரு வாசல் என இரண்டு இருந்தால் அங்கே ரொம்ப உதவும். பயந்த நாயை மேலேயிருந்து இறக்குவது சுலபம், பக்கவாட்டில் தள்ளினால் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நிற்கும்.

அடிப்பலகை அட்டையாக இருந்தால் ஒரே ஒரு முறை சிறுநீர் பட்டால் போதும், ஊறிக் குழைந்து நடுவில் தொய்யும், நாய் தொட்டிலில் கிடப்பது போலக் கூன் போட்டுக் கிடக்கும். மெல்லிய பிளாஸ்டிக் பலகை, அதன் மேல் கழற்றித் துவைக்கும் மெத்தை, அதன் மேல் உறிஞ்சும் தாள். புதுத் துண்டு போடாதீர்கள். அப்பத்தாவின் பழைய கண்டாங்கியில் ஒரு கிழிசலைப் போட்டோம், வீட்டு வாசனை இருந்ததால் அதிலேயே மூக்கைப் புதைத்துத் தூங்கியது.

பையைப் பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால் வாங்குவது, எனக்குத் தெரிந்து எல்லோரும் செய்யும் தவறு. ஒரு மாதமாவது முன்னால் வாங்கி, திறந்தபடியே வீட்டில் போட்டு வையுங்கள். சோறு அதற்குள் வையுங்கள். தானாக உள்ளே போய்ப் படுக்க ஆரம்பித்த பிறகு ஒரு நிமிடம் மூடுங்கள், அப்புறம் ஐந்து, அப்புறம் பிள்ளையார்பட்டி வரை ஒரு கார் சவாரி. இதையெல்லாம் செய்யச் சோம்பல்பட்டுத் தூக்க மருந்து கொடுத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். மயக்க மருந்து ரத்த அழுத்தத்தை இறக்கும், மூச்சையும் பாதிக்கும், உயரத்தில் அது எப்படி வேலை செய்யும் என்று கணிக்க முடியாது, கால்நடை மருத்துவர்களே பெரும்பாலும் ஒப்புக்கொள்வதில்லை. தடுப்பூசிச் சான்றும் பயணத் தகுதிச் சான்றும் வாங்கப் போகும்போது பையையும் எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடமே காட்டிக் கேளுங்கள்.

நாய் வரம்பைத் தாண்டிவிட்டது, சரக்கறையில்தான் போக வேண்டும் என்றால் துணிப்பையை மறந்துவிடுங்கள், அது வேறு கதை. கெட்டிப் பிளாஸ்டிக் கூண்டு, மேல்பாதியும் கீழ்பாதியும் உலோகத் திருகாணியால் முடுக்கியது, உலோகக் கதவு, வெளியிலிருந்தே தண்ணீர் ஊற்றும்படி கதவில் மாட்டிய கிண்ணம். சக்கரம் இருந்தால் கழற்றிவிட வேண்டும். வெளிநாடு போகிறவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் சிங்கப்பூர், லண்டன் என்று பிள்ளைகள் இல்லாத வீடு குறைவு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் உதவி நாய்களைத் தவிர எதையும் பயணிகள் அறைக்குள் விடுவதில்லை. பிரிட்டனுக்குள் விமானத்தில் வரும் செல்ல நாய் சரக்காகத்தான் இறங்க முடியும். அந்தப் பயணங்களுக்கு அழகான தோள்பை வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

சக்கரப் பையைத் திருப்பி அனுப்பும் கெடு தாண்டிவிட்டது. பரணில் கிடக்கிறது, அப்பத்தா அதில் வெங்காயம் போட்டு வைக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.