பிக்கப் டிரக்கில் பிரேக் பேட் தேர்ந்தெடுத்து மாற்றுவது எப்படி?

இந்த விளக்கம் ஆயில் பிரேக் உள்ள பிக்கப், இலகு ரக டிரக்குகளின் முன்சக்கர டிஸ்க் பிரேக்குக்கானது. ஏர் பிரேக் வண்டிகளின் அமைப்பே வேறு. அதைப் பழகியவர்களிடமே விடுங்கள்.

இரும்புத் தகட்டைச் சேர்க்காமல், உராயும் பகுதி மட்டும் 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் பேட் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலும் இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்றுங்கள். இல்லாவிட்டால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

எந்தப் பேட் வாங்குவது?

செராமிக் பேட் சத்தம் குறைவு, தூசும் குறைவு. ஆனால் பாரம் ஏற்றி மலைப்பாதையில் இறங்கும் வண்டிக்கு செமி மெட்டாலிக் பேட்தான் எங்கள் பரிந்துரை. அது சூட்டை நன்றாகத் தாங்கும். பதிலுக்கு டிஸ்க்கைச் சற்று வேகமாகத் தேய்க்கும். பல பேட்களின் ஓரத்தில் ‘எஃப்எஃப்’, ‘எஃப்இ’ போல இரண்டு எழுத்துகள் அச்சாகியிருக்கும். முதலாவது சாதாரண சூட்டிலும் இரண்டாவது கடும் சூட்டிலும் கிடைக்கும் பிடிப்பைச் சொல்கின்றன. ‘இ’ என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45 வரை. பாரம் ஏற்றும் வண்டிக்கு இரண்டாவது எழுத்து ‘இ’யாக உள்ள பேட் வேண்டாம்.

கழற்றுதல்

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிட்டு, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது.

காலிப்பரின் (பேட்களை டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்கும் பாகம்) இரண்டு போல்ட்டுகளையும் கழற்றி, காலிப்பரைக் கம்பியால் சஸ்பென்ஷனில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஆயில் வரும் ஓஸில் (ரப்பர் குழாய்) தொங்கினால் அது உள்ளே கிழிந்துவிடும், அது வெளியே தெரியாது. தூசைக் காற்றடித்துப் பறக்கவிடாமல் பிரேக் கிளீனர் அடித்துத் துடையுங்கள். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் மேலேயே பொறித்திருக்கும். மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்குக் கீழே இருந்தால் டிஸ்க்கையும் மாற்றுங்கள்.

ஸ்லைடு பின்

பலர் அவசரத்தில் தாண்டிப் போகும் இடம் இதுதான். பிஸ்டன் உள்பக்கப் பேட்டை நேரடியாகத் தள்ளும். காலிப்பர் இந்தப் பின்களில் நகர்ந்தால்தான் வெளிப்பக்கப் பேட் டிஸ்க்கைப் பிடிக்கும். பின் இறுகிவிட்டால் உள்பேட் மட்டும் தேய்ந்து தீரும். கழற்றிய பழைய பேட்களை அருகருகே வைத்துப் பாருங்கள். உள்பேட் மெலிந்து வெளிப்பேட் தடிமனாக இருந்தால் பின்னில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம்.

பின்களை உருவி, பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு, பிரேக்குக்கான சிலிகான் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். சாதாரண கிரீஸ் பட்டால் பின்னை மூடியிருக்கும் ரப்பர் உறை (பூட்) உப்பிவிடும். சில வண்டிகளில் ஒரு பின்னின் நுனியில் மட்டும் ரப்பர் புஷ் இருக்கும். எனவே மேல் பின்னையும் கீழ் பின்னையும் இடம் மாற்றாதீர்கள். துருப்பிடித்துக் குழி விழுந்த பின்னை எமரி போட்டு ஒப்பேற்றாமல் புதிதாக மாற்றுங்கள்.

மாட்டுதல்

பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து, நிறைந்திருந்தால் சிரிஞ்சால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் மேலே வரும். வழிந்தால் பெயின்ட்டை அரித்துவிடும். பழைய பேட்டைப் பிஸ்டன்மேல் வைத்து, சி கிளாம்ப்பால் மெதுவாக நேராகத் தள்ளுங்கள்.

பேட் உட்காரும் பிராக்கெட்டில் கிளிப்புக்கு அடியிலுள்ள துருவை வயர் பிரஷ்ஷால் சுரண்டிவிட்டு, புதிய கிளிப் போடுங்கள். துரு மிச்சமிருந்தால் பேட் சிக்கிக்கொண்டு சக்கரம் சூடாகும். தேய்மானத்தைச் சத்தத்தால் காட்டும் தகடு பழைய பேட்டில் எந்த இடத்தில் இருந்ததோ, அதே இடத்தில் வரட்டும். உராயும் பரப்பில் கிரீஸ் படவே கூடாது. போல்ட்டுகளையும், எதிரெதிராக வீல் நட்டுகளையும், கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சில் முறுக்குங்கள்.

வண்டியை நகர்த்தும் முன்

பெடலைக் கெட்டியாகும்வரை பலமுறை மிதியுங்கள். பிஸ்டன் பின்னால் போயிருப்பதால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது; இதை மறந்து வண்டியை எடுப்பது பெரிய ஆபத்து. ஆயில் மட்டத்தைப் பார்த்து மூடியை மூடுங்கள். பிறகு காலியான சாலையில், மணிக்கு 50 கி.மீ.யிலிருந்து 10 கி.மீ. வரை மிதமாக வேகம் குறையுங்கள். ஒவ்வொரு முறைக்கும் நடுவில் சூடு ஆற இடைவெளி விட்டு, இப்படி எட்டுப் பத்து முறை. பேட் கையேட்டில் வேறு முறை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். சூடான பேட்டை ஒரே இடத்தில் அழுத்தி நின்றால் டிஸ்க்கில் படிவு ஏறி, பின்னால் பெடல் அதிரும்.

ஓட்டி நிறுத்தியதும் சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் வெப்பம் அதிகமாக அடித்தால், அந்தக் காலிப்பரைத் திரும்பக் கழற்றிப் பின்னையும் கிளிப்பையும் பாருங்கள்.