கோஹா நூலகத் தேடலில் பூஜ்யம் வந்தால்

"நிலத்தடி நீர் மாசு" பற்றிய ப்ராஜெக்ட் தலைப்பை கோஹா என்ற நூலகப் பட்டியல் மென்பொருளில் ஆங்கிலத்தில் முழு வாக்கியமாக அடித்தேன், முடிவு 0. காரணம் எளிது. கோஹா, நூலின் பக்கங்களுக்குள் தேடாது. தலைப்பு, ஆசிரியர், பொருள், குறிப்பு ஆகியவை அடங்கிய பதிவில்தான் தேடும். அடித்த சொற்கள் எல்லாமே ஒரே பதிவில் இருக்கவும் வேண்டும்.

இரண்டே சொற்களாகக் குறைத்ததும் நூல்கள் வந்தன. 'கிரவுண்ட்வாட்டர்' என்பதைச் சேர்த்து ஒருமுறை, பிரித்து ஒருமுறை தேட வேண்டும். பிரித்தால் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். இல்லையேல் இரு சொற்களும் பதிவில் வெவ்வேறு இடத்தில் இருக்கும் நூல்களும் கலந்துவிடும்.

'பொல்யூஷன்' என்பதன் முதல் ஆறு ஆங்கில எழுத்தோடு நட்சத்திரக்குறி போட்டால் 'பொல்யூட்டன்ட்', 'பொல்யூட்டட்' போன்றவையும் சிக்கும். நான்கு எழுத்தில் நிறுத்தினால் மகரந்தமும் ('பொலன்') தேர்தல் கருத்துக்கணிப்பும் ('போல்') வந்து நிற்கும்!

அதிகம் கைகொடுத்தது பொருள் தலைப்புதான். பொருத்தமான ஒரு நூலைத் திறந்து, அதன் 'சப்ஜெக்ட்' வரியைச் சொடுக்குங்கள். பழைய பதிவுகளில் 'வாட்டர், அண்டர்கிரவுண்ட்' என்றும் இருக்கும். அதை நாமாக யோசித்து அடிக்க மாட்டோம்.

அலமாரிக்குப் போகுமுன், நூல்களைப் பொருள்வாரியாக அடுக்கப் பயன்படும் டியூவி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 551.49 நிலத்தடி நீர், 363.7394 நீர் மாசு, 628.168 அதன் பொறியியல் பக்கம். ஒரே அலமாரியில் தேடினால் பாதி நூல்கள் தப்பிவிடும்.

தமிழ்த் தலைப்புகளை ஆங்கில எழுத்தில் பதிந்திருந்தால், 'த'வுக்கு 'எச்' சேர்த்தும் சேர்க்காமலும் தேடுங்கள்.