ஜப்பான் போர்க்கப்பலின் பெயரை வைத்து அது என்ன கப்பல் என்று கண்டுபிடிப்பது எப்படி?

1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பிலும் 9 அன்று திருகோணமலையிலும் குண்டு போட்ட விமானங்கள் ஐந்து ஜப்பானியக் கப்பல்களிலிருந்து கிளம்பி வந்தன: அகாகி, ஹிர்யூ, சோர்யூ, ஷோகாக்கு, ஸுய்காக்கு. இந்த ஐந்திலிருந்தே தொடங்கலாம்.

முதலில் பெயரின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். 'ர்யூ' டிராகன், 'காக்கு' கொக்கு. பறக்கிற ஒன்றின் பெயர் வந்தால் அந்தக் காலத்தில் அது பெரும்பாலும் விமானந்தாங்கி. சரி, அகாகி? அது ஒரு மலை. மலைப் பெயர் கனரக க்ரூஸருக்கும் பேட்டில் க்ரூஸருக்கும் வைப்பது (க்ரூஸர் நடுத்தர அளவுப் போர்க்கப்பல்; பேட்டில் க்ரூஸர் அதைவிடப் பெரியது, பெரிய பீரங்கிகளோடு வேகமாக ஓடுவது). அகாகியையும் பேட்டில் க்ரூஸராகத்தான் கட்டத் தொடங்கினார்கள், பெரிய போர்க்கப்பல்களுக்கு வரம்பு வைத்த 1922 வாஷிங்டன் ஒப்பந்தம் குறுக்கே வந்ததால் பாதியில் விமானந்தாங்கியாக மாற்றினார்கள், பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. பெயரும் கப்பலும் பொருந்தவில்லை என்றால், முதலில் அதை என்னவாகக் கட்ட நினைத்தார்கள் என்று தேடுங்கள்.

யமாட்டோ, முசாஷி மாதிரி பழைய மாகாணப் பெயர் என்றால் பெரிய போர்க்கப்பல். ஆற்றின் பெயர் என்றால் இலகு க்ரூஸர். எனக்கு ரொம்பப் பிடித்தவை நாசகாரிகளின், அதாவது டெஸ்ட்ராயர் எனும் சிறிய, வேகமான போர்க்கப்பல்களின் பெயர்கள்தான்: யுகிகாசே பனிக்காற்று, ஃபுபுகி பனிப்புயல், அகிசுகி இலையுதிர்கால நிலா; ஷிகுரே என்பது குளிர் தொடங்கும்போது விட்டுவிட்டுப் பெய்யும் தூறல், நம் சங்கப் பாட்டின் கூதிர் காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

நீர்மூழ்கிகளில் கவனம் வேண்டும். போர்க்காலத்தில் அவற்றுக்குப் பெயரே இல்லை, எழுத்தும் எண்ணும்தான்: பெரியது 'இ', நடுத்தரம் 'ரோ', சிறியது 'ஹா'. இது பழைய இரோஹா எழுத்து வரிசை, நம் அ, ஆ, இ மாதிரி. போருக்குப் பின் வந்த ஜப்பானியக் கடல் தற்காப்புப் படை 'ஷியோ' என்று முடியும் பெயர்களை வைத்தது, அதாவது கடல் ஓதம், நீரோட்டம். குரோஷியோ, ஓயாஷியோ இரண்டும் ஜப்பானை ஒட்டி ஓடும் உண்மையான நீரோட்டங்கள். 2009இல் 'ர்யூ' வந்தது, 2022இல் தைகெய் கப்பலோடு 'கெய்', அதாவது திமிங்கிலம். அதனால் சோர்யூ என்று படித்தால் உடனே ஆண்டைப் பாருங்கள்: 1942 என்றால் மிட்வே கடற்போரில் மூழ்கிய விமானந்தாங்கி, 2009க்குப் பிறகு என்றால் நீர்மூழ்கி.

அப்புறம், ஆள் பெயரைத் தேடாதீர்கள். அண்டார்டிகா போகும் ஷிராசே கப்பல்கூட, அந்தப் பெயருள்ள ஆய்வுப்பயணி இருந்தும், முறைப்படி அவர் பெயர் தாங்கிய பனியாற்றின் பெயரைத்தான் எடுத்துக்கொண்டது.