பிள்ளை தட்டில் ஒதுக்கும் கீரையை அதன் கையாலேயே வளர்க்க வைப்பது எப்படி?

‘உணவே மருந்து’ என்று கரும்பலகையில் எழுதிப்போட்டால் என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் குண்டு குண்டாக அழகாகப் பார்த்து எழுதிவிடுவார்கள். மதிய மணி அடித்துத் தட்டோடு உட்கார்ந்ததும் சாம்பாரில் கிடக்கும் காயெல்லாம் தட்டின் ஓரத்துக்குப் போய்விடும். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் 14 வருடமாகப் பார்க்கிறேன். பாடம் கேட்டு மாறிய பிள்ளை குறைவு. அதனால், வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்கும் அம்மாக்களிடம் கீரை விதைக்கத்தான் சொல்வேன்.

ஓட்டை வாளியோ பழைய தொட்டியோ போதும். அடியில் தண்ணீர் வடிய நாலைந்து துளை வேண்டும். மண்ணோடு மக்கிய சாணி எருவைக் கலந்து நிரப்புங்கள். சிறுகீரை விதை கடுகைவிடப் பொடியாக இருக்கும்; அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொத்தாக முளைத்து நெருக்கியடிக்கும். ஒரு கைப்பிடி காய்ந்த மணலில் கலந்து தூவச் சொல்லுங்கள். தூவுவது பிள்ளையின் கையாக இருக்கட்டும். தண்ணீரைச் சொம்பால் ஊற்றினால் விதை ஓரம் ஒதுங்கிவிடும், கையால் தெளிக்க வேண்டும். நான்கைந்து நாளில் முளை தெரியும். ஏறக்குறைய 25 நாளில் வேரோடு பிடுங்கலாம். பிடுங்குவது, ஆய்வது, மண் போக மூன்று தண்ணீரில் அலசுவது எல்லாமே பிள்ளையின் வேலை. அப்புறம் பாசிப்பருப்பு போட்டுக் கடையுங்கள்.

போன வருடம் பள்ளித் தோட்டத்தில் பறித்ததை ஒரு சிறுமி நோட்டுத் தாளில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோனாள். அதுவரை கீரையைத் தொடாதவள். மறுநாள் வந்து, “டீச்சர், தம்பிக்கு நான்தான் ஊட்டிவிட்டேன், நானும் சாப்பிட்டேன்” என்றாள். அவள் விரல் நகத்தில் மண் அப்படியே இருந்தது.

‘காயைச் சாப்பிட்டால் சாக்லேட்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். காய் தண்டனை, சாக்லேட் பரிசு என்று பிள்ளை மனதில் பதிந்துவிடும்.

பள்ளியில் போடும் சாப்பாட்டைப் பற்றியும் வீட்டில் கேளுங்கள். “சாப்பிட்டியா?” என்றால் “ம்” என்று ஓடிவிடும். “இன்று முட்டையை எப்படிக் கொடுத்தார்கள், மஞ்சள் கருவைச் சாப்பிட்டாயா?” என்று கேட்டால் பேசும். மஞ்சள் கருவைத் தூக்கிப்போடும் பிள்ளைகள் நிறைய. முட்டையின் புரதத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அதில்தான் இருக்கிறது, வைட்டமின் ஏ மொத்தமும் அதில்தான். கொண்டைக்கடலைச் சுண்டல் செய்தால் எலுமிச்சம்பழம் பிழியுங்கள், கடலையிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சுண்டலோடு டீ வேண்டாம், டீ அந்தச் சத்தைச் சேரவிடாமல் தடுக்கும்.

கடைசியாக, பிஸ்கட் பாக்கெட். பின்பக்கம் 100 கிராமுக்கு எவ்வளவு சர்க்கரை என்று போட்டிருக்கும். பிள்ளையையே வாசிக்க விடுங்கள். 4 கிராம் ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். 24 கிராம் என்று இருந்தால் ஆறு ஸ்பூன் சர்க்கரையை ஒரு கிண்ணத்தில் பிள்ளையே அளந்து போடட்டும். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். என் வகுப்பில் அந்தக் கிண்ணம் ஜன்னல் ஓரத்தில் ஒரு வாரம் இருந்தது. இடைவேளையில் பிள்ளைகள் மற்ற வகுப்புப் பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து காட்டினார்கள்.