ஜி98 போட்டும் ட்ரில் ஏன் கிளாம்பில் இடிக்கிறது?

சி.என்.சி. மெஷினில் ட்ரில், ஜாபைப் (வேலைப்பொருளை) பிடித்திருக்கும் கிளாம்பில் மோதி உடைந்தால் புரோகிராம் எழுதியவர் முதலில் சொல்வது, "ஜி98 போட்டிருந்தேனே!" துளை முடிந்ததும் டூலை உயர ஏற்றும் கட்டளை அது. போட்டிருப்பார். எந்த வரியில் என்பதுதான் கேள்வி.

ட்ரில்லிங் சைக்கிளில் (துளையிடும் அசைவுகளை ஒரே கட்டளையில் செய்வது) இரண்டு உயரங்கள் உண்டு. ரேபிட் (வெட்டாத வேக நகர்வு) முடிந்து ஃபீட் (வெட்டும் மெதுவான நகர்வு) தொடங்கும் இடம் ஆர் பிளேன். சைக்கிளைக் கூப்பிடும்போது டூல் நின்ற உயரம் இனிஷியல் லெவல். துளை முடிந்ததும் ஜி99 ஆர் வரை மட்டும் ஏற்றும், ஜி98 இனிஷியல் லெவல் வரை ஏற்றும்.

கவனியுங்கள், ஏற்றம் நடப்பது துளை முடிந்த பிறகு. 4-வது துளைக்கும் 5-வது துளைக்கும் நடுவே கிளாம்ப் இருந்தால் ஜி98 வர வேண்டியது 4-வது துளையின் வரியில். கிளாம்பைத் தாண்டி வருவது 5-வதுதானே என்று பலர் அங்கே எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால், ஆர் 3 மி.மீ. என்றால் டூல் அந்த 3 மி.மீ. உயரத்திலேயே ரேபிடில் குறுக்கே பாய்கிறது. 5-வது வரியில் ஜி99 போதும்.

வரி சரியாக இருந்தும் இடிப்பதுண்டு. ஜி43 (டூல் நீளத்தைக் கணக்கில் எடுக்கும் கட்டளை) வரியில் இசட் (மேல்-கீழ் அச்சு) 10.0-க்கு இறங்கிவிட்டு சைக்கிளைக் கூப்பிட்டால் ஜி98-உம் அந்த 10 மி.மீ.க்குத்தான் திரும்பும், கிளாம்பின் உயரம் அதற்குத் தெரியாது. அளக்கும்போது கிளாம்பை மட்டும் அளக்காதீர்கள், அதற்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட் (கிளாம்பை இறுக்கும் திருகுக் கம்பி) முனையை அளங்கள். அப்புறம் தசமப் புள்ளி: ஃபானக் கன்ட்ரோல் உள்ள பல மெஷின்களில் புள்ளியில்லாத 'இசட்50' என்பது 0.05 மி.மீ.

பயந்துபோய் ஆர் அளவையே 50 ஆக்குவது வேறு தவறு. நிமிடத்துக்கு 120 மி.மீ. ஃபீடில், 3-க்குப் பதில் 50 வைத்தால் 40 துளைகளுக்குக் காற்றில் மட்டும் 15 நிமிடத்துக்கு மேல் போகும். மெஷின் செய்த பரப்புக்கு 2, 3 மி.மீ. போதும். கரடுமுரடான காஸ்டிங்குக்கு 5 வையுங்கள். படி உள்ள ஜாபில் இசட் பூஜ்யம் கீழ்ப்படியில் இருந்தால், ஆர் 2.0 என்பது மேல்படியின் உலோகத்துக்குள்ளேயே இருக்கும்.

ஒர்க் ஆஃப்செட்டை (ஜாபின் பூஜ்யப் புள்ளியை) 100 மி.மீ. தூக்கி ஓட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த உயரத்தில் எந்தக் கிளாம்பும் இடிக்காது! சிங்கிள் பிளாக்கில் (ஒவ்வொரு படியாக நிறுத்தி ஓட்டும் முறை) ஓட்டினால் அடுத்த துளைக்கு மேலே வந்ததும் டூல் நிற்கும். அங்கே ஸ்கிரீனில் அப்சல்யூட் இசட்டைப் (ஜாபின் பூஜ்யத்திலிருந்து டூலின் உயரத்தை) படித்து, ஸ்டட் உயரத்தோடு ஒப்பிடுங்கள்.